துப்பறியும் கதைக்குள் முனி வரலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் விளங்கிக்கொண்டது இப்படி: இலங்கையின் வடக்கே வன்னியில் குளத்தோரக் கிராமம் ஒன்றில் நடக்கும் கொலையை வைத்து நாவல் எழுதுகிறீர்கள். பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் விசாரிக்கிறார். ஊரின் முனியும் ஐயனாரும் கதைக்குள் உண்மையாகவே நடமாடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் ஒரு முதியவருக்கு உரு வந்து, அதாவது தெய்வம் ஏறி, கொலையாளியின் பெயரை ஊர் நடுவே சொல்லிவிடுகிறார். கையெழுத்துப் பிரதியை வாசித்த நண்பர், துப்பறியும் கதையில் பேய் பிசாசைக் கொண்டுவருவது வாசகரை ஏமாற்றும் வேலை, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். குற்றக் கதையையும் இருண்ட மாயக் கதையையும் கலந்து எழுதிய நல்ல நாவல்கள் உண்டா, எதை வாசிக்கலாம் என்பது உங்கள் கேள்வி. வாசிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது அதற்குள் வேறொரு கேள்வி தெரிந்தது. கொலை செய்தவர் யார் என்று முடிவாகச் சொல்லும் உரிமை உங்கள் கதையில் யாருக்கு? சார்ஜன்டுக்கா, முனிக்கா? உங்கள் நண்பரின் மனத்தை உறுத்தியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் இலக்கிய விமர்சகர் அல்ல. வன்னியில் உள்ள நீதிமன்றங்களில் 27 வருடங்கள் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையே உரைபெயர்ப்பாளராக வேலை செய்தேன். பகலில் சாட்சிகளின் வாய்மொழியைக் கேட்டேன், இரவில் கையில் கிடைத்த துப்பறியும் நாவல்களையும் பேய்க் கதைகளையும் வாசித்தேன். ஆகவே சட்டம் பற்றியும் சாட்சியம் பற்றியும் நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். நாவல்கள் பற்றிச் சொல்வது ஒரு வாசகரின் தீர்மானம். நீங்கள் மறுக்கலாம்.

முதலில் உங்கள் நண்பருக்காக ஒரு வார்த்தை. அவர் சொன்ன ஆட்சேபம் பழையது, மதிக்கத்தக்கது. 1841இல் எட்கர் அலன் போ பாரிஸ் நகரில் நடக்கும் கொலைக் கதை ஒன்றின் மூலம் துப்பறியும் கதைக்கு வழி திறந்தார். அந்த வகையின் இன்பம் என்னவென்றால், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயங்கள் எல்லாம் நமக்கும் கிடைக்கின்றன, அவரோடு சேர்ந்து நாமும் யோசிக்கிறோம். 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, இயற்கைக்கு மேற்பட்ட சக்திகள் எதற்கும் இடமில்லை என்பதை இரண்டாவது கட்டளையாக வைத்தார். அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். வாழ்க்கையில் அற்புதங்களை நம்பியவர் கதையில் அவற்றை விலக்கினார். காரணம் எளிது. ஆவி வந்து பெயரைச் சொல்லிவிட்டால், இருநூறு பக்கம் வாசகர் பட்ட பாடு வீணாகிவிடும்.

அதனால் நெடுங்காலம் எழுத்தாளர்கள் ஒரு நடுவழியைப் பிடித்தார்கள். பேயைக் காட்டுவது, கடைசியில் அது பேயல்ல என்று நிரூபிப்பது. ஆர்தர் கொனன் டொயில் 1901இல் தொடராக எழுதத் தொடங்கிய பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில், சதுப்பு நிலத்தில் தீயாக எரியும் முகத்தோடு வரும் நாய்க்குப் பொஸ்பரஸ் பூசப்பட்டிருக்கும். தமிழிலும் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கணேஷையும் வசந்தையும் ஆவியா அறிவியலா என்ற இழுபறிக்குள் நிறுத்துகிறது. இந்த வழி நல்ல வழிதான், ஆனால் உங்களுடையது அல்ல. உங்கள் முனி பொஸ்பரஸ் பூசிய முனி அல்ல. அதை நீங்கள் நம்பி எழுதுகிறீர்கள் என்பது உங்கள் கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது.

அப்படியானால் உங்களுக்கு உதவக்கூடிய முன்னோடி, ஆச்சரியமாக, ஓர் அறிவியல் புனைகதைக்காரர். ஐசக் அசிமோவிடம், அறிவியல் புனைகதையும் துப்பறியும் கதையும் ஒட்டாது என்று அவருடைய பத்திரிகை ஆசிரியர் வாதிட்டார். வாசகர் அறியாத ஒரு கருவியைத் துப்பறிபவர் கடைசிப் பக்கத்தில் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிடலாமே என்பது அந்த ஆட்சேபம். பேய்க்கும் அதே ஆட்சேபம்தானே! 1954இல் நூலாக வந்த 'உருக்குக் குகைகள்' என்ற நாவலில் அசிமோவ் அதற்கு விடை கொடுத்தார். மனிதத் துப்பறிவாளர் ஒருவரும் இயந்திர மனிதத் துணையாளர் ஒருவரும் சேர்ந்து விசாரிக்கிறார்கள். இயந்திர மனிதனால் எது முடியும், எது முடியாது என்பது முன்கூட்டியே வாசகருக்குச் சொல்லப்படுகிறது. பிறகு அந்த விதி எங்கும் வளைவதில்லை. அந்நியமான பொருள் கதைக்குள் இருப்பதால் வாசகர் ஏமாறுவதில்லை, அதன் விதி மறைக்கப்பட்டால்தான் ஏமாறுகிறார். உங்கள் முனிக்கும் இது பொருந்தும். எந்த மரத்தில் இருக்கும், எந்த நேரத்தில் நடமாடும், யாரைத் தொடாது, எதைக் கொடுத்தால் அடங்கும் என்பவற்றை முதல் ஐம்பது பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள். வன்னியில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இந்த விதிகள் தெரியும். உச்சி வெயிலில் குளக்கட்டு மருதமரத்தின் கீழ் நிற்காதே என்று ஒரு தடவையாவது கேட்காமல் இங்கே யாரும் வளரவில்லை.

ஆனால் எனக்கு அசிமோவை விடப் பெரிய ஆசிரியர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். சிலப்பதிகாரத்தை ஒரு குற்றக் கதையாக மறுபடி வாசித்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைக் களவாடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். அதே நேரத்தில் வெளியூர் வணிகன் ஒருவன் ஒற்றைச் சிலம்பை விற்க அவனிடமே வந்து நிற்கிறான். தன் களவை இவன் தலையில் கட்டிவிடுகிறான் பொற்கொல்லன். விசாரணை இல்லாமலே கோவலன் வெட்டுண்டு விழுகிறான். நோக்கம், வாய்ப்பு, பொய்ச் சாட்சி, அவசரத் தண்டனை எல்லாம் அதில் இருக்கின்றன. இனித்தான் உங்களுக்கு வேண்டிய இடம் வருகிறது. தன் கணவன் கள்வனா என்று கண்ணகி சூரியனிடம் கேட்கிறாள். கள்வன் அல்லன், இந்த ஊரைத் தீ உண்ணும் என்று சூரியன் விடை சொல்கிறான். அதற்குப் பிறகு வெட்டுண்டு கிடந்த கோவலனே எழுந்து நின்று, அவளுடைய கண்ணீரைத் துடைத்துவிட்டு மேலே போகிறான். வானத்துச் சாட்சியும் இறந்தவனின் தோற்றமும் அவளுக்குக் கிடைத்துவிட்டன. அப்படியிருந்தும் பாண்டியன் மன்றத்துக்குப் போனபோது அவற்றில் ஒன்றைக்கூட அவள் பேசவில்லை. கையில் எஞ்சியிருந்த மற்றச் சிலம்பைக் கொண்டுபோனாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். கைப்பற்றப்பட்ட சிலம்பை வரவழைத்து அவள் உடைத்தபோது, மாணிக்கப் பரல் அரசனின் வாயருகே தெறித்தது. வழக்கு அங்கே முடிந்தது.

இந்த இடத்தை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு நகரத்தை எரிக்கும் ஆற்றல் உள்ளவள், அந்த ஆற்றலை வழக்கை வெல்லப் பயன்படுத்தவில்லை. பொருட்சான்றை உடைத்துக் காட்டி வென்றாள், தீ அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னும் கவனியுங்கள்: நகரம் எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது. முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லச் செய்தான், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இது என்கிறது. ஒரு கொலைக்குப் பின்னால் இன்னொரு கொலை, அதுவும் இதே மாதிரிப் பொய்க் குற்றச்சாட்டால்! எந்த இருண்ட நாவலும் பொறாமைப்படும் திருப்பம் அது. ஆனால் தெய்வம் அதைச் சொல்வது தீர்ப்புக்குப் பிறகு. முன்னமே சொல்லியிருந்தால் சிலம்பை உடைக்கும் காட்சிக்கு வேலையே இருந்திருக்காது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே முக்கியமான விடயம் இந்த வரிசைதான். பரல் முதலில் தெறிக்க வேண்டும், தீ பிறகு பற்ற வேண்டும்.

பழையனூர் நீலி கதை இதன் மறுபக்கம். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனைத் தேடிப் பிடிக்கிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். குழந்தை அவனை அப்பா என்று அழைக்கிறது. எழுபது வேளாளர்கள் அந்தச் சாட்சியை நம்பி, உனக்கு ஒன்றும் ஆகாது, ஏதாவது நடந்தால் நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, அவனைக் காத்துவந்த வாளையும் வாங்கிவிடுகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் கொடுத்த வாக்குக்காகத் தீப்பாய்கிறார்கள். இங்கே மாயம் மன்றத்துக்குள் பொய்ச் சாட்சியாக நுழைகிறது, சபை அதைச் சோதிக்காமல் ஏற்கிறது. வாள் இருக்கும்வரை பேய் நெருங்காது என்ற விதி நமக்கு முன்னமே தெரிந்திருப்பதால், வாளைக் கீழே வை என்று பெரியவர்கள் சொல்லும் வரியில் நெஞ்சு அடைக்கிறது. விதியை முன்கூட்டிச் சொல்வது வாசகருக்கு நியாயம் செய்வதோடு நின்றுவிடுவதில்லை. அச்சம் பிறப்பதும் அதிலிருந்துதான்.

நீங்கள் வன்னியை எடுத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மதுரையை எரித்த கண்ணகி ஓய்ந்து உட்கார்ந்த இடம் இங்கே, நந்திக்கடல் கரையில் இருக்கும் வற்றாப்பளை என்பதுதானே நம் ஊர் நம்பிக்கை. மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். பசிக்கிறது என்கிறாள், பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை அள்ளி ஊற்றச் சொல்கிறாள், விளக்கு எரிகிறது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். முடியை விலக்கிய பிள்ளைகள் தலை முழுவதும் ஆயிரம் கண்களைக் காண்கிறார்கள். இருண்ட மாயப் புனைவு என்று உலகம் எதைச் சொல்கிறதோ, அதன் முழுச் சாரமும் அந்த முடி விலகும் நொடியில் இருக்கிறது. ஒரு கிழவிக்குப் பேன் பார்க்கக் குனிந்த பிள்ளையின் விரல்கள் நின்றுபோகும் நொடி அது. வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கம் இன்றும் நடக்கிறது. முல்லைத்தீவில் கோவலன் கதையைக் கூத்தாக ஆடுகிறார்கள். வற்றாப்பளை என்ற பெயர் பத்தாம் பளை என்பதிலிருந்து வந்தது, கண்ணகி தங்கிய பத்தாவது இடம் அது என்ற விளக்கத்தை நான் ஊர் வழக்காகவே எடுத்துக்கொள்வேன், வரலாறாக அல்ல. நாவலுக்கு ஊர் வழக்கே போதும். உங்கள் பாத்திரங்கள் அதை நம்புகிறார்கள், அவ்வளவுதான் வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட அண்மைக்கால நாவல்கள். முதலாவது ஷெஹான் கருணாதிலக்கவின் 'மாலி அல்மேதாவின் ஏழு நிலாக்கள்', 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஆங்கில நாவல். 1990இன் கொழும்பு. போர்ப் புகைப்படக்காரர் ஒருவர் செத்த பிறகு கண் விழிக்கிறார், ஓர் அரசாங்க அலுவலகத்தைப் போன்ற மறுமை வரிசையில். தன்னைக் கொன்றவர் யார் என்று அவருக்கே தெரியாது. அதை அறியவும், தான் ஒளித்துவைத்த படங்களை உலகுக்குக் காட்டவும் ஏழு நிலாக்கள் மட்டுமே அவகாசம். இந்தக் கால எல்லையைக் கவனியுங்கள், அது ஒரு விதி. ஆவியாக இருப்பதால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடவில்லை. காற்று கொண்டுபோகும் இடத்துக்குத்தான் போகிறார், உயிரோடு இருப்பவர்களின் காதில் ஒரு சொல் போடுவதற்கே படாத பாடு படுகிறார். பேயைப் பலவீனமாக்கியதால்தான் அங்கே துப்பறிதல் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது, சைனா மியேவில் 2009இல் வெளியிட்ட 'நகரமும் நகரமும்'. இரண்டு நகரங்கள் ஒரே நிலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு நகரத்தவர் மற்ற நகரத்தைக் கண்டும் காணாதவராக வாழப் பழக்கப்பட்டிருக்கிறார்கள், மீறிப் பார்த்தால் அதுவே குற்றம். ஒரு பெண்ணின் பிணம் கிடைக்கிறது, இன்ஸ்பெக்டர் ஒருவர் இரு நகரங்களுக்கும் நடுவே தடயம் தேட வேண்டியிருக்கிறது. அதில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரே வீதியில் நடந்துகொண்டே அடுத்தவரைக் காணாமல் போகப் பழகிய வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வன்னியை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதியில் பல காலம் போய்வந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நாவலை வாசித்து முடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தமிழில் இந்தக் கலப்பு புதிதா என்றால், இல்லை. 1894இல் 'தானவன்' என்ற துப்பறியும் நூலை எழுதிய பண்டித நடேச சாஸ்திரி, தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். தமிழில் துப்பறியும் கதையைத் தொடக்கியவர்களில் ஒருவரின் கையே பூதக் கதைகளையும் எழுதியது. இரண்டும் ஒரே மேசையில் கிடந்தவை, பிறகுதான் பிரிந்துபோயின.

இனி என் தொழிலிலிருந்து ஒன்று. இடத்தையும் ஆண்டையும் சொல்லப்போவதில்லை, அது அந்தக் குடும்பங்களுக்குரியது. காட்டோரத்து ஒற்றையடிப் பாதையில் ஒருவர் இறந்துபோனார். பின்னால் சில அடி தூரத்தில் வந்த முதியவர்தான் ஒரே சாட்சி. நீதவான் சிங்களம் பேசுபவர். முதியவர் கூண்டில் ஏறிக் கும்பிட்டுவிட்டு, "முனி அடித்துவிட்டது ஐயா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் தடுமாறி நின்றேன். சிங்களத்தில் யக்கா என்று சொல்லலாம், ஆனால் யக்கா வேறு, நம் முனி வேறு. பேய் என்றால் முதியவர் இழிவாகிவிடுவார். 'இனந்தெரியாத காரணம்' என்று நாசூக்காகச் சொல்லியிருந்தால் அவர் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாகும். கடைசியில் முனி என்ற சொல்லையே வைத்து, அது இன்னது என்று இரண்டு வரியில் விளக்கினேன். நீதவான் சிரிக்கவில்லை. முனி அடித்தபோது என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள் என்று கேட்டார். முதியவர் சொன்னார்: மனித நடமாட்டம் இல்லை. பற்றைக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம். இடி போல் சத்தம். பிறகு கந்தக வாடை. முனி போகும்போது கந்தகம் மணக்கும் ஐயா.

வன்னிக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அது கட்டுத்துவக்கு. பன்றிக்கும் மானுக்கும் வைப்பது. உள்ளூரில் செய்த துவக்கைத் தடிகளில் கட்டி, விலங்கு வரும் பாதைக்குக் குறுக்கே நூல் இழுத்து, அதன் மறுமுனையை விசையில் பூட்டிவிடுவார்கள். நூல் தட்டுப்பட்டால் வெடிக்கும். வைத்தவர் அந்நேரம் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பார். முதியவர் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. அவருடைய முனிக் கதைக்குள் வெளிச்சமும் சத்தமும் வெடிமருந்தின் மணமும் சரியான வரிசையில் இருந்தன. பிறகு ஒரு நாள் சான்றுப் பொருட்களாக இரண்டு கவைத்தடிகளும் கொஞ்சம் நைலோன் நூலும் மேசைக்கு வந்தன. பாலை மரத் தடிகள். வெட்டுவாய் இன்னும் வெளிறிக் கிடந்தது. சட்ட வைத்திய அதிகாரி காயத்தின் உயரத்தைச் சொன்னபோது மன்றம் அமைதியாகிவிட்டது. பன்றிக்குக் கட்டினால் குறி முழங்கால் அளவில் இருக்கும். அந்தத் தடிகளின் கவை என் இடுப்புக்கு மேலே நின்றது.

உங்கள் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் இந்த மண்ணில் இல்லை. சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பன்றிக்கு வைத்ததில் மனிதர் அகப்பட்டார் என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, அசட்டையால் மரணம் விளைவித்தல், உச்சத் தண்டனை ஐந்து வருடம். அந்த மனிதர் அந்த நேரம் அந்தப் பாதையால் வருவார் என்று அறிந்து வைத்தது என்றால் 296ஆம் பிரிவு, கொலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது வைத்தவரின் மனத்தில் இருந்த அறிவு மட்டுமே. இனி மாயத்தை இதற்குள் பூட்டுங்கள். சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. அதன் 25ஆம் பிரிவுப்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் நிரூபணத்துக்கு உதவாது. ஆகவே உரு வந்தவர் பெயரைச் சொன்னதைக் கேட்டு நடுங்கிய கொலையாளி, இரவோடு இரவாகச் சார்ஜன்டின் காலில் விழுந்து அழுதாலும் அது மன்றத்தில் செல்லாது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு சிறிய கதவைத் திறந்துவைத்திருக்கிறது. சந்தேக நபர் காவலில் இருந்தபடி சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புள்ள பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். முனி மேல் கொண்ட பயத்தில் அவர் துவக்குக் குழாயைப் புதைத்த இடத்தைச் சொல்கிறார், தோண்டுகிறார்கள், குழாய் கிடைக்கிறது. முனி செய்தது உண்மை, சட்டம் ஏற்பது குழாயை. கண்ணகி சிலம்பை உடைத்தது போலவே இதுவும். இறந்தவர் பேசுவதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 32ஆம் பிரிவின்படி, சாகுமுன் தன் மரணத்தின் காரணம் பற்றி அவர் சொன்ன வார்த்தை சான்றாகும். செத்த பிறகு சொன்னது ஆகாது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மூச்சு நேரத்தை உங்களைப் போன்ற ஒருவர் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வழிபாட்டு வழக்கங்களையே தடயமாக்கவும் முடியும். காட்டுக்குள் நுழையுமுன் ஒரு கொப்பை முறித்து மரத்தில் தொங்கவிட்டு ஐயனாரைக் கும்பிட்டுப் போகும் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சார்ஜன்ட் அந்த மரத்தடியில் நின்று கொப்புகளைப் பார்க்கட்டும். எவை சருகு, எவை நேற்று வாடியவை, எதில் இலை இன்னும் பச்சை. நான் காட்டுக்கே போகவில்லை என்று சொன்னவரின் பயபக்தி அங்கே தொங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது அன்று மூன்று பேர் போயிருக்கிறார்கள், இரண்டு கொப்புத்தான் இருக்கிறது, ஐயனாரைக் கும்பிடத் துணியாமல் போனவர் ஒருவர். தெய்வத்துக்கு அஞ்சியதும் அஞ்ச முடியாமல் போனதும் இரண்டுமே சான்றாகும் இடம் அது. வெளியூர் நாவல்களை எவ்வளவு வாசித்தாலும் இது கிடைக்காது, நம் காட்டுப் பாதையில்தான் கிடைக்கும்.

ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். உங்கள் சுருக்கத்தில், போரின் கடைசி மாதங்களில் காணாமல் போன அண்ணன் ஒருவர் ஆவியாக வந்து தம்பிக்கு வழிகாட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் போனவர்களின் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்பதே அவர்களின் கேள்வி. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் காணாமற்போனமைச் சான்றிதழைச் சட்டம் 2016இல் கொண்டுவந்தது. ஒருவரை ஆவியாக எழுதினால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அந்தத் தாய் கையெழுத்துப் போட மறுத்த காகிதத்தில் கதாசிரியர் போடுகிறார். மாயக் கதைக்கு மற்றெல்லா உரிமையும் உண்டு, இந்த உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இது சட்டமல்ல, என் மனச்சாட்சி சொல்வது. வேண்டுமானால் மறுபுறமாகச் செய்துபாருங்கள். ஊரில் உள்ள எல்லா இறந்தவர்களும் முனியின் கண்ணுக்குத் தெரிகிறார்கள், அந்த அண்ணன் மட்டும் தெரியவில்லை. அவர் அங்கே இல்லை என்று முனியால் சொல்ல முடிகிறது, எங்கே என்று சொல்ல முடியவில்லை. அந்த வீட்டின் படலை இரவிலும் பூட்டப்படாமல் கிடப்பதற்கு அது போதும்.

வாசிப்பைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலிருந்து தொடங்குங்கள், வாய்விட்டு வாசியுங்கள். அதற்குப் பிறகு கருணாதிலக்க, அதற்குப் பிறகு மியேவில். அசிமோவ் நேரம் இருந்தால் போதும். நாவலில் நான் மாற்றச் சொல்வது ஒன்றே ஒன்று. உரு வந்து பெயர் சொல்லும் காட்சியைக் கடைசியிலிருந்து எடுத்து, மூன்றிலொரு பங்கு முடியும் இடத்தில் வையுங்கள். பறை ஓய்ந்துவிட்டது. வெட்டவெளியில் பெயர் சொல்லியாகிவிட்டது. ஊர் முழுவதும் கேட்டுவிட்டது, சார்ஜன்டும் கேட்டுவிட்டார். அவர் அதை நம்புகிறார், ஏனென்றால் அவரும் குளத்தோரத்தில் பிறந்தவர். நிலையத்துக்குத் திரும்பி வந்து, விளக்கடியில் தகவல் புத்தகத்தைத் திறந்து, திகதியும் நேரமும் எழுதிவிட்டார். அடுத்த வரியில் என்ன எழுதுவார்?